குட்டி பக்தனின் கழுத்து

போன மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட வீட்டுக்குப் போனேன். ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தால்... என் பேரன் பீரோவைப் பார்த்துப் பரவசப்பட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இதில் என்ன அதிர்ச்சி என்று கேட்பீர்கள். கைக்குழந்தை எதை வேண்டுமானாலும் பார்க்கும். ஃபேனைப் பார்க்கும், டியூப் லைட்டைப் பார்க்கும். பீரோவைப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்?

சொல்கிறேன். என்னோடு சேர்ந்து நீங்களும் அதிர்ச்சி அடைய வேண்டுமென்றால், அதற்கு முன்னால் நடந்தது தெரிய வேண்டும்.

என் மகள் நித்யாவுக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி எங்கள் பொறுப்பு. பம்மலில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு ரூம், நின்றுகொண்டு மட்டும் சமைக்கக்கூடிய ஒரு சமையலறை. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. லீவு கிடைக்கிறபோது வருவார். பையன் பிறந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நானும் என் மனைவி செல்வியும் மூச்சு விட்டோம்.

ஹாலில்தான் குழந்தையைப் படுக்க வைப்போம். தலை கிழக்கே. அதில் செல்வி கறார். அப்படிப் படுத்தால் அவனுடைய வலது கைப் பக்கச் சுவரில் முருகன் காலண்டர். மயில், வேல், சிரித்த முகம். இடது கைப் பக்கம் பீரோ.

அவன் எப்போது பார்த்தாலும் வலது பக்கமே திரும்பி முருகனையே பார்த்துக்கொண்டிருப்பான்!

இதை முதலில் கண்டுபிடித்தவர் சம்பந்தியம்மா. மாப்பிள்ளையின் அம்மா. பேரனைப் பார்க்கக் கோவளத்திலிருந்து பஸ் மாறி வந்தவர், குழந்தையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், திரும்பவும் குழந்தையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றியவர் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"பாத்தீங்களா! கண்ணு எடுக்கறானா பாருங்க! இவன் சாதாரணப் புள்ள இல்ல. எங்க மாமனாரு வருஷா வருஷம் காவடி எடுத்தவரு. அவரு வந்து பொறந்திருக்காரு!"

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் பெயர் குட்டி பக்தன். பெயர் சூட்டு விழாவில் வைத்த பெயர் பிறப்புச் சான்றிதழோடு சரி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். தெருமுனை மாவு மில்லில் நிற்கும் பெண்கள், மாவு அரைபடுகிற நேரத்தில் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் மட்டும் என்ன, சும்மா இருந்தேனா? போனில் வீடியோ எடுத்து ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் காட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் வண்டி போடும் ராஜி பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இன்னா அண்ணாத்த, இப்பவே பழனிக்கு ரெடியாயிக்கினு கீறான் போல? மொட்டை கூட அடிக்க வேணாம், அதுவே மொட்டையாதான் கீது!"

நான் சிரித்துக்கொண்டேன். பெருமைதான்.

இதே சமயத்தில் வீட்டுக்குள் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அது பெருமைப்படும் கதை இல்லை.

குழந்தை ஒரு பக்கம்தான் பால் குடிப்பான். இடது பக்கம் வைத்தால் சமத்தாகக் குடிப்பான். வலது பக்கம் மாற்றினால் போச்சு. உடம்பை வில்லாக வளைப்பான், முகத்தைத் திருப்புவான், தெருவே கேட்கிற மாதிரி கத்துவான். கொஞ்ச நேரத்தில் அழுது களைத்துத் தூங்கிவிடுவான், பசியோடு.

"அந்தப் பக்கம் பால் புளிச்சிருக்கும்டீ," என்றாள் செல்வி.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஏற வேண்டிய அளவு ஏறவில்லை. அது எப்படியோ கோவளத்துக்குப் போய்விட்டது. போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"பால் பத்தலன்னா டப்பா பால் வாங்கிக் குடுக்க வேண்டியதுதானே? ஏன் புள்ளயப் பட்டினி போடறீங்க? எங்க வூட்டுப் பொம்பளைங்க ஒருத்திக்காவது பால் பத்தலன்னு பேச்சு வந்ததே கெடயாது."

நித்யா எழுந்தாள். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. தண்ணீர் மட்டும்தான் ஓடுகிறது என்று நம்புகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் மகளிடம் போய் பால் விஷயம் பேச எந்த அப்பனுக்கு வாய் வரும்? அதிலும் எனக்கு?

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாது... பல்லாவரம்–பம்மல் ரூட்டிலேயே கூவாத ஷேர் ஆட்டோ டிரைவர் நான் ஒருவன்தான். மற்றவர்கள் "பல்லாவரம் பல்லாவரம் பல்லாவரம்" என்று தொண்டை கிழியக் கூவி ஆள் ஏற்றுவார்கள். நான் வண்டியில் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறுகிறவர்கள் ஏறட்டும். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட எனக்குக் கூச்சம். "உன் வண்டில ஊமைப் படம் ஓட்டறியா அண்ணாத்த?" என்பான் ராஜி.

சரி, பீரோவுக்கு வருவோம்.

அன்று மத்தியானம் குழந்தையின் தலை மேற்கே இருந்தது. அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

"ஏம்மா, தலைய மாத்திப் போட்டிருக்கே? உங்கம்மா பாத்தா அவ்ளோதான்."

"அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்காங்கப்பா. நான்தான் வேணும்னே போட்டேன்." நித்யாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "இப்ப முருகன் அவனுக்கு இடது பக்கம் இருக்காரு. பீரோ வலது பக்கம். அவன் எதப் பாக்கறான்னு பாருங்க."

பீரோவைத்தான் பார்த்தான். சாம்பல் கலர் இரும்புக் கதவை. முருகனை எப்படிப் பார்ப்பானோ அதே கண், அதே பக்தி.

"சும்மா பாக்கறான்மா. புதுசா இருக்கில்ல..."

"நீங்க இந்தப் பக்கம் வந்து கூப்பிடுங்க."

காலண்டர் பக்கம் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். கை தட்டினேன். கிலுகிலுப்பையை ஆட்டினேன். என் சத்தம் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. கண் இரண்டும் என் பக்கமாக உருண்டு ஓரத்துக்கு வந்தது.

கண் வந்தது. கழுத்து வரவில்லை.

பாவம், அவன் பார்க்கத்தான் பார்த்தான். கை காலை உதைத்தான். ம்ம் ம்ம் என்று முக்கினான். தலை மட்டும் நட்டு போட்டு முடுக்கிய மாதிரி அங்கேயே நின்றது. அப்புறம் அழ ஆரம்பித்தான்.

ஆட்டோ ஹேண்டில் லேசாக ஒரு பக்கம் இழுத்தால் தெரு தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். உடனே மெக்கானிக்கிடம் விடுவேன். என் பேரனுக்குப் பிறந்ததிலிருந்து கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது. நாங்கள் அதற்கு பக்தி என்று பெயர் வைத்துத் தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறோம்!

"எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்ப்பா," என்றாள் நித்யா. "சொன்னா அத்தை சாமி குத்தம்பாங்களோன்னு பயம்."

சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டாண்டுக்குத் திரும்பினேன். ராஜி என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தான். சொன்னேன்.

"அட, இதுக்கா பேஜாரா கீறே? கழுத்து சுளுக்கு அண்ணாத்த! பொழிச்சலூர்ல ஒருத்தரு கீறாரு. எனக்கே புடிச்சினு இருந்தப்போ ஒரே திருப்பு... டக்குனு சத்தம் வந்துச்சி, சரியாப் பூடுச்சி. சாயங்காலம் புள்ளயத் தூக்கினு வா, நானே கூட்டினு போறேன்."

நானும் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து நித்யாவிடம் சொன்னதும் அவள் குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "யாரும் இவன் கழுத்துல கை வைக்கக் கூடாது. டாக்டர்கிட்டதான் போறோம். இப்பவே." என் மகள் இப்படி அதட்டி நான் கேட்டதில்லை. பேசாமல் வண்டியை எடுத்தேன்.

குழந்தை டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "பிசியோதெரபிக்குப் போங்க" என்றார்.

பிசியோதெரபியா? கைக்குழந்தைக்கா?

எனக்குத் தெரிந்த பிசியோதெரபி என்றால் முட்டி தேய்ந்தவர்களுக்குக் கரண்டு வைப்பது, பக்கவாதம் வந்தவர்களை ஏணி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது. உட்காரவே தெரியாதவன் என்ன எக்சர்சைஸ் செய்வான்? தண்டாலா? செல்வி வழியெல்லாம் சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. மாடியில் ஒரு பெரிய ரூம். தரை முழுக்கப் பாய் மெத்தை, கலர் பந்துகள், ஒரு கண்ணாடி. ரூம் முழுக்க அம்மாக்களும் குழந்தைகளும். ஆம்பளை என்று பார்த்தால் நான் ஒருவன். வாசலிலேயே செருப்பு மாதிரி ஓரமாக நின்றுகொண்டேன்.

பிசியோதெரபிஸ்ட் பெயர் பியூலா. நாற்பது வயது இருக்கும். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தையை மடியில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி:

"யாராவது சுளுக்கு எடுக்கறேன்னு இவன் கழுத்தத் திருப்பினீங்களா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"இல்ல மேடம்," என்றாள் நித்யா.

"அப்பாடா. பச்சக் குழந்த கழுத்து... வெடுக்குனு திருப்பினா என்ன வேணா ஆயிடும். அப்புறம் நான் இல்ல, யாருமே ஒண்ணும் பண்ண முடியாது."

ராஜி சொன்ன அந்த 'டக்' என்ற சத்தம் என் காதுக்குள் கேட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். என் தலையாட்டலுக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவில் இருந்தது என் மகளின் ஒரு அதட்டல்தான்.

"தாத்தா, ஏன் அங்கயே நிக்கறீங்க? வாங்க இங்க."

தாத்தா என்றால் யார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. போனேன். குழந்தையை மடியில் உட்கார வைத்தபடி பிடித்துக்கொண்டு, "மேலேர்ந்து தலையப் பாருங்க" என்றார்.

அதுவரை நான் பேரனின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். தலையை உச்சியிலிருந்து பார்த்ததே இல்லை. பின்மண்டையில் வலது பக்கம் தட்டையாக இருந்தது. உருண்டையாக இருக்க வேண்டிய இடம், சப்பை. ஒரே பக்கம் படுத்துப் படுத்து அப்படி ஆகிவிட்டதாம். முருகனைப் பார்த்துப் பார்த்து... என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பியூலா மேடம் நித்யாவின் விரலைப் பிடித்துக் குழந்தையின் இடது கழுத்தில் வைத்தார். "தெரியுதா? கயிறு மாதிரி இருக்கா? இந்தத் தசை கொஞ்சம் குட்டையா, டைட்டா இருக்கு. அதனால தலை இந்தப் பக்கம் சாயுது, முகம் அந்தப் பக்கம் திரும்பிடுது. வயித்துக்குள்ள இருக்கும்போதே இடம் பத்தாம இப்படி ஆயிருக்கலாம்."

"நான் ஏதாவது தப்பாத் தூக்கிட்டேனா மேடம்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. யாரும் ஒண்ணும் பண்ணல. சீக்கிரம் வந்துட்ட, நல்லது. விட்டுட்டு ஒரு வயசுல வந்திருந்தா நானும் கஷ்டப்பட்டிருப்பேன், அவனும் கஷ்டப்பட்டிருப்பான். சரி... பால் எப்படிக் குடிக்கறான்?"

நித்யா சொன்னாள். இடது பக்கம் குடிக்கிறான், வலது பக்கம் கத்துகிறான்.

"கத்தத்தான் செய்வான். மடியில போட்டு அந்தப் பக்கம் குடுத்தா அவன் இடது பக்கம் திரும்பணும். கழுத்து வராது. வலிக்கும். பால் வேணாம்னு அழலம்மா அவன், திரும்ப முடியலன்னு அழறான்."

ரூமில் வேறு குழந்தைகள் அழுதுகொண்டுதான் இருந்தன. எனக்கு எதுவும் கேட்கவில்லை. இத்தனை நாள் குழந்தை வாய் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். எங்களுக்குத்தான் அந்த பாஷை தெரியவில்லை.

செல்வி மெதுவாகக் கேட்டாள். "அப்ப பால் புளிக்கலையா மேடம்?"

"புளிக்கறதுக்கு அது என்ன தோசை மாவாம்மா?"

பக்கத்தில் இருந்த அம்மாக்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். செல்வியும் சிரித்தாள். நித்யா மட்டும் சிரிக்கவில்லை. மேடம் ஒரு திரையை இழுத்துவிட்டு அவளை உள்ளே அழைத்துப் போனார். நான் அவசரமாக வராந்தாவுக்கு வந்துவிட்டேன். இருந்தாலும் குரல் கேட்டது.

"மடியில குறுக்கப் போடாத. கக்கத்துல இடுக்கிக்கோ, பைய இடுக்கற மாதிரி. கால் உன் முதுகுப் பக்கம் போகட்டும். தலையணைய வச்சுக்கோ. கழுத்துக்குக் கீழ கை... தலைய அமுக்காத. இப்ப பாரு, வலது பக்கம் குடிச்சாலும் அவன் முகம் எப்பவும் திரும்பற பக்கமே இருக்கும்."

வழக்கமான கத்தல் வரப்போகிறது என்று காத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுகூட இருந்தேன்.

வரவில்லை.

வரவே இல்லை. அதற்குப் பதிலாக என் மகள் விசும்புகிற சத்தம் வந்தது. பியூலா மேடம் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"சார், உங்க பொண்ணு அழுவறா. பயப்படாதீங்க, நல்ல அழுகதான். கீழ போய் அவளுக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க. சக்கர தூக்கலா."

கீழே போய் டீ வாங்கினேன். எத்தனை நாள் அந்தப் பெண் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றிருப்பாள்! பால் இருந்தது. பசி இருந்தது. நடுவில் ஒரு சின்னத் தசை. அவ்வளவுதான் விஷயம். நாங்கள் அதற்குள் என்னென்ன பேசிவிட்டோம்.

திரும்பி வந்தால் அடுத்த அதிர்ச்சி. குழந்தையைக் குப்புறப் போட்டிருந்தார்கள்!

"ஐயோ, நெஞ்சு அமுங்கிடும் மேடம்!" செல்வி பதறிக்கொண்டிருந்தாள். "அதுவாக் குப்புற விழணும்ல? நாம போடலாமா?"

"தூங்கும்போது எப்பவும் மல்லாக்கத்தான்மா. முழிச்சிட்டிருக்கும்போது, நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கும்போது, கொஞ்ச நேரம் இப்படி. அப்பத்தான் கழுத்துக்கும் தோளுக்கும் பலம் வரும். மண்டைக்கும் ரெஸ்ட்."

ஒரு துண்டைச் சுருட்டி அவன் நெஞ்சுக்கடியில் கொடுத்திருந்தார். அவன் ஆமை மாதிரி தலையைத் தூக்கினான். ஆடியது. மூக்கு மெத்தையில் இடித்தது. மறுபடியும் தூக்கினான். எனக்குத் தெரியாமலே என் தலையும் அவனோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்ததாக செல்வி பிறகு சொன்னாள்.

தூக்குவதற்கும் ஒரு முறை காட்டினார். இடது பக்கம் கீழே வருகிற மாதிரி முன்கையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே கையை அண்டக் கொடுத்து நடக்க வேண்டும். தசை அதுவாக இளகுமாம். அழுதுகொண்டிருந்தவன் அப்படித் தூக்கியதும் சொக்கிப்போய்ப் பேசாமல் இருந்தான். கழுத்தைப் பிடித்து நீவுகிற பயிற்சியை நித்யாவுக்கு மட்டும் கற்றுக்கொடுத்தார். மெதுவாக. அவன் விறைத்துக்கொண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். பலம் காட்டவே கூடாது.

"முக்கியமான வேல இன்னொண்ணு. அவனா இடது பக்கம் திரும்பணும். நாம திருப்பறது பாதிதான். வீட்ல எப்படிப் படுக்க வைக்கறீங்க?"

செல்வி கிழக்கு, முருகன், பீரோ எல்லாவற்றையும் சொன்னாள். குட்டி பக்தன் கதையையும் சொன்னாள். மேடம் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு மரியாதையாகப் பட்டது.

"முருகன் அங்கயே இருக்கட்டும்மா. புள்ளயோட தலைய மேற்க மாத்துங்க. பாக்க வேண்டியது இடது பக்கமே இருக்கட்டும், சத்தமும் அங்கேர்ந்தே வரட்டும். தாத்தா, நீங்க கூப்பிடுங்க பாக்கலாம்."

ரூமே என்னைப் பார்த்தது. இடது பக்கம் உட்கார்ந்தேன்.

"டேய்..." என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. யாரோ ஒரு அம்மா, "தாத்தாவுக்கு சார்ஜ் இல்ல" என்றார். பேரன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது பக்கப் பந்தை.

வீட்டுக்கு வந்தோம். தலை மேற்கே போனது. செல்வி முருகனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பால் பிரச்சினை முதலில் சரியானது. இரண்டு பக்கமும் குடித்தான். குடித்துவிட்டு, கை விரித்துத் தூங்கினான். குழாய்த் தண்ணீர் மிச்சமானது. அடுத்த முறை எடை பார்த்தபோது நர்ஸ் உதட்டைப் பிதுக்கவில்லை.

கழுத்துதான் அசைவேனா என்றது. நித்யா பயிற்சி கொடுத்தாள். செல்வி இடது பக்கம் உட்கார்ந்து பாட்டுப் பாடினாள், தட்டில் கரண்டியால் தட்டினாள். இரண்டு நாள் புதுசாக இருந்தது. பிறகு அவனுக்கு அலுத்துவிட்டது. நடு வரைக்கும் வருவான், வலது பக்கத்துக்கே திரும்பிப் போய்விடுவான். பீரோ பக்தி பெருகிக்கொண்டே போனது.

அந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வந்து இறங்கினார்.

நாங்கள் போனில் பட்டும் படாமலும் சொல்லியிருந்தோம். நேரில் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? தலை மேற்கே. பேரன் பீரோவைப் பார்க்கிறான். நித்யா அவன் கழுத்தைப் பிடித்து நீவிக்கொண்டிருக்கிறாள். அவன் சிணுங்குகிறான்.

"என்னாது இது? பச்சப் புள்ளயப் புடிச்சு முறுக்கறீங்க?"

"அத்த, இது பிசியோதெரபி. டாக்டர் சொல்லித்தான்..."

"எந்த டாக்டர்? நாங்கல்லாம் புள்ள பெத்து வளக்கல? சாமியப் பாத்துட்டிருந்த புள்ளயத் திருப்பிப் போட்டு பீரோவப் பாக்க வச்சிருக்கீங்க! கண்ணு பட்டுடுச்சு. ஊரக் கூட்டிக் காட்டினீங்கல்ல? அதான்."

ஊரைக் கூட்டியதில் முதல் டிக்கெட் அவர்தான். யார் சொல்வது?

"போதும். துணிமணிய எடுத்து வை நித்யா. இன்னிக்கே கோவளத்துக்குக் கெளம்பு. அங்க வந்து எப்படி வளக்கறேன்னு பாரு. இந்த முறுக்கற வேலையெல்லாம் அங்க கெடயாது."

அங்கே போனால் பயிற்சி நின்றுவிடும். தலை மறுபடி கிழக்கே போகும். மடியில் குறுக்கே போட்டுக் கொடு என்பார்கள். கத்துவான். பால் பத்தவில்லை என்பார்கள். டப்பா வந்துவிடும். "ஒரு வயசுல வந்திருந்தா நானும் கஷ்டப்பட்டிருப்பேன்" என்று மேடம் சொன்னது காதில் ஓடியது. நித்யா என்னைப் பார்த்தாள். செல்வி என்னைப் பார்த்தாள். ஏதாவது பேசுங்களேன் என்று இரண்டு பேர் கண்ணும் கெஞ்சியது.

சம்பந்தியிடம் எதிர்த்துப் பேச எனக்கு வராது. தசை, தெரபி என்று விளக்கிச் சொல்ல, ஐந்தாவதோடு நின்றவனுக்கு வார்த்தையும் கிடையாது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய்க் குழந்தையின் இடது பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக ஸ்டாண்டில் காதில் விழுந்துகொண்டே இருந்து, ஒரு நாளும் வாயில் வராத அந்தக் குரல்... எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை.

"பல்லாவரம் பல்லாவரம் பல்லாவரம்ம்ம்! ஏறு ஏறு ஏறு! பல்லாவரம் பல்லாவரம்!"

ஹாலே அதிர்ந்தது. சம்பந்தியம்மா இரண்டடி பின்னால் போனார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

பேரன் உதைப்பதை நிறுத்தினான். கண் உருண்டது. முதலில் கண் மட்டும். அப்புறம் தாடை. முக்கினான். நடுவுக்கு வந்தான். வழக்கமாகத் திரும்பிப் போகிற இடம் அது. நான் விடவில்லை. "பல்லாவரம்! ஒரே ஒரு சீட்டு! ஏறு ஏறு!"

நடுவைத் தாண்டினான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்... பொக்கை வாயைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

கண் மட்டும் இல்லை. கழுத்தும் வந்தது.

நித்யா தரையில் உட்கார்ந்தே விட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"முருகா! கூப்ட்டதும் திரும்பிட்டியே! பாத்தீங்களா, எப்படித் திரும்பிப் பாக்கறான்னு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் பின்னால், சுவரில், காலண்டர்.

"அந்த மேடம் யாரு? என்ன வேணா பண்ணட்டும். இவன் நல்லாத் திரும்பற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நானும் ஒரு நாள் வந்து பாக்கறேன்," என்றார். வந்தும் பார்த்தார். பியூலா மேடம் அவரையும் பாயில் உட்கார வைத்துக் குழந்தையை ஒருக்களித்துத் தூக்கப் பழக்கிவிட்டார்.

இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. தலையைச் சாய்ப்பது கொஞ்சம் இருக்கிறது. பின்மண்டை மெதுவாக உருண்டை ஆகிக்கொண்டிருக்கிறது. பயிற்சி தினமும் நடக்கிறது. மத்தியானம் நான் வந்து கூவியாக வேண்டும்; இல்லையென்றால் அவனுக்குக் கோபம் வருகிறது. ஸ்டாண்டில் கேட்டீர்களானால் அங்கே இன்னும் ஊமைப் படம்தான். எனக்கு ஒரே ஒரு பாசஞ்சரிடம்தான் வாய் வருகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குழந்தை அழுதால் பிடிவாதம், அழாவிட்டால் சமத்து, ஒரே பக்கம் பார்த்தால் பக்தி... நாம் எவ்வளவு வேகமாகப் பெயர் வைத்துவிடுகிறோம்! வைத்த பிறகு பெயரைத்தான் பார்க்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு குட்டி பக்தன் இருந்தால், ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். அவன் பீரோவைக் கும்பிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் வேண்டாம்.

அன்று அவன் திரும்பிப் பார்த்தது யாரை என்று சம்பந்தியம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. போகட்டும்... என் வண்டியில் முருகனுக்கும் ஒரு சீட் இருக்கட்டுமே.